கால் வேலி நிலமும் கணக்கு ஓலையும்

குடியாட்சியின் தொன்மை பேசப்படும் மேடைகளில் இரண்டு ஊர்களின் பெயர்கள் தவறாமல் ஒலிக்கும். ஒன்று வடக்கே உள்ள வைசாலி. மற்றொன்று தெற்கே உள்ள உத்தரமேரூர். வைசாலி, பகவான் மகாவீரரின் தாயார் பிரியகாரிணி தேவியின் பிறந்தகம்; சேடகர் தலைமையில் லிச்சவி மரபினர் அவை கூடி நாட்டை நடத்திய நகரம். உத்தரமேரூர், ஓலையைக் குடத்திலிட்டு வாரியப் பெருமக்களைத் தேர்ந்த சோழர் காலத்து ஊர். தமிழ்ச் சமணக் குடும்பங்கள் செறிந்து வாழும் வந்தவாசி வட்டாரத்துக்கு அண்மையில் இருப்பது. இரண்டும் பெருமைக்குரியவையே. ஆயினும் அவ்வவைகளில் யார் அமர்ந்தனர் என்று கேட்பவர் சிலர். யார் வெளியே நின்றனர் என்று கேட்பவர் அவரினும் சிலர்.

வைசாலியில் 7707 அரசர் இருந்தனர் என்று பௌத்த சாதகக் கதையொன்று கூறுகிறது. எண் மிகையாக இருக்கலாம். ஆனால் அதன் பொருள் தெளிவானது. அவையில் இருக்கை பெற்றவர்கள் நிலமும் செல்வமும் உடைய குலத் தலைவர்கள். அந்நிலத்தை உழுதவரும், கலம் வனைந்தவரும், ஆடை நெய்தவரும் வைசாலியின் மக்களே எனினும் வைசாலியின் அவைக்கு உரியவர் அல்லர். அதே மண்ணில் தோன்றிய பெருமானின் சமவசரணத்திலோ பன்னிரு கணங்களுக்கும் இடம் இருந்தது. துறவியரும் ஆரியாங்கனைகளும், ஆடவரும் பெண்டிரும், விலங்கும் பறவையும் தத்தம் இடத்தில் அமர்ந்து ஒரே அறவுரையைக் கேட்டனர் என்பது ஆகம மரபு. அறவோர் அவைக்கு இருந்த அந்த அகலத்தை ஆட்சி அவை எட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. அந்த நெடும் பயணத்தில் தமிழ்நாட்டுப் பகுதியை மட்டும் இங்கே காண்போம்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள புகழ்பெற்ற கல்வெட்டுகள் இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. முதலாவது அவனது 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் பொறிக்கப்பட்டது. இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டில், 921இல். இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்ட நேர்ந்தது என்றால், முதல் ஏற்பாட்டின் ஏதோ ஒரு குறை விரைவிலேயே வெளிப்பட்டிருக்க வேண்டும். முதற் கல்வெட்டில் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள் என மாறியது. அரசனின் அதிகாரி உடனிருக்க, சபையார் தாமே கூடி இவ்வியவஸ்தையைச் செய்துகொண்டனர்.

தேர்வு நடந்த முறை இன்று படிக்கும்போதும் வியப்பளிக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, அக்குடும்பின் பெயரைச் சொல்லும் வாயோலையை மேலே சேர்த்துக் குடத்தில் இட்டனர். இளையோர் முதல் முதியோர் வரை மகாசபை முழுவதும் கூடியது. அன்று ஊரில் இருந்த நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் மண்டபத்தில் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்த பின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுத்தான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரல்களுக்கு இடையே வேறோர் ஓலையை ஒளித்து மாற்றிவிடலாகாது என்பதற்கே இந்த விதி. அவன் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசித்தனர். இவ்வாறு 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அனுப்பப்பட்டனர். பதவிக் காலம் 360 நாள்.

ஒருவர் மற்றவரை நம்பாத ஊர் அது என்று இதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. நம்பிக்கை என்பது கண்ணெதிரே நடப்பதால் மட்டுமே நிலைக்கும் என்பதை அறிந்த ஊர் என்று கொள்வதே பொருந்தும்.

மேடைகளில் இவ்வளவும் சொல்லப்படும். யாருடைய பெயர் ஓலையில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், அதாவது வரி செலுத்தும் நிலம், ஒருவருக்கு இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு அதில் வாழ வேண்டும். மந்திர பிராமணம் கற்று ஓதுவிக்க வல்லவராக இருக்க வேண்டும். வேதமொன்றும் பாஷ்யமொன்றும் கற்றவராயின் அரைக்கால் வேலி நிலம் போதும். கல்வி நிலத்தில் பாதியை ஈடு செய்தது. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். எனவே அதன் நிலத்தில் உழைத்த குடிகளோ, தச்சரோ கொல்லரோ, பெண்களோ அந்தக் குடத்தில் இடம்பெறவில்லை. ஏரி வாரியம் மதகைத் திறக்கும் நாளைக் குறித்தது. அந்நீரை வயலில் பாய்ச்சியவனுக்கு வாரியத்தைத் தேர்வதில் பங்கில்லை. பக்கத்து ஊர்களில் வேளாளர் கூடிய ஊர்ச்சபைகள் இருந்தன. வணிகர் கூடிய நகரங்களும் இருந்தன. ஆனால் அங்கும் அமர்ந்தவர் நிலத்துக்கோ முதலுக்கோ உடையவரே. பத்தாம் நூற்றாண்டை இருபதாம் நூற்றாண்டின் அளவுகோலால் அளந்து குறை கூறுவது முறையாகாது. இருந்தாலும் குடவோலையைப் பொதுத்தேர்தல் என்று அழைப்பதும் முறையாகாது.

அக்கல்வெட்டின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. யார் வரலாம் என்பதைவிட யார் வரக்கூடாது என்பதை அது மிக விரிவாகப் பேசுகிறது. தகுதி நீக்கப்பட்டோர் வரிசையில் திருடரும் பெருங்குற்றம் புரிந்தவரும் பிற்பாடுதான் வருகின்றனர். வரிசையின் தலைப்பில் நிற்பவர், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமன்று, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவன் என உறவு முறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, அனைவரின் பெயர்களும் குடத்திலிருந்து விலக்கப்பட்டன. பொது நிதியைக் கையாண்டு கணக்கை மறைத்தவன், தான் ஒதுங்கிக்கொண்டு தன் மைத்துனனை அனுப்பும் வழி அங்கே அடைபட்டது. இதுவும் போதாதென்று, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் மீண்டும் வர இயலாது. அறவழியில் ஈட்டிய பொருளை உடையவனே கணக்கு எழுத அமர்த்தப்பட வேண்டும்; தான் எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் தானே காட்டித் தூயவன் என்று தெளிந்த பின்னரே மறுபடி அப்பணியில் அமரலாம்; அவன் எழுதிய கணக்கை முடிக்க வேறொருவனை அனுப்பலாகாது. பொருள் தூய்மை, மனத் தூய்மை இரண்டும் வாரியத் தகுதிகளாகவே எழுதப்பட்டன. ஒரு கருமத்துக்குப் பல பொறுப்பாளர் இருக்கும் இடங்களிலெல்லாம், இன்றைய ஊர்ப் பொதுக்காரியங்கள் உட்பட, இவ்விதிகளை ஒருமுறை நினைவுகூர்தல் நன்று.

சோழர் சபைகள் காலப்போக்கில் மறைந்தன. கணக்குக் காட்டும் கடுமையும் அவற்றோடு மறைந்தது. நிலம் உடையவனே குடிமகன் என்னும் எண்ணம் மட்டும் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருந்தது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1920 நவம்பரில் தேர்தல் நடந்தபோது அது புலப்பட்டது. நாட்டுப்புறத்தில் வாக்காளர் பட்டியலில் சேர, ஆண்டுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள நிலம் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். நகரத்தில் வரி செலுத்துவோருக்கும், பொதுவாக வருமான வரி கட்டுவோருக்கும் வாக்கு உண்டு. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றவர் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு மூவர். அந்த மூவரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவரே வாக்களித்தனர். காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது அதற்கு ஒரு காரணம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்கள் பங்கிடப்பட்ட விதம் நோக்கத்தக்கது. 65 இடங்கள் முஸ்லிம் அல்லாத பொதுத் தொகுதிகளுக்கு; அவற்றுள் 28 பிராமணர் அல்லாதாருக்கு ஒதுக்கீடு. முஸ்லிம்களுக்கு 13, இந்தியக் கிறித்தவர்க்கு 5, ஐரோப்பியர்க்கு 1, ஆங்கிலோ இந்தியர்க்கு 1. இவற்றுக்கு அப்பால் நிலப்பிரபுக்களுக்கு 6, வணிகத்துக்கும் தொழிலுக்கும் 6, பல்கலைக்கழகத்துக்கு 1. ஜமீன்தார் ஒருவர் தம் நிலப்பிரபுத் தொகுதியிலும் வாக்களிக்கலாம். பொதுத் தொகுதியிலும் வாக்களிக்கலாம். செல்வம் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கை வெளிப்படையாகவே வழங்கிய காலம் அது. தாழ்த்தப்பட்டோர்க்கோ தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் சார்பில் சிலரை ஆளுநர் நியமித்தார்.

இப்பட்டியலில் சமணரின் பெயர் இல்லை. தமிழ்ச் சமணர் ‘முஸ்லிம் அல்லாதார்’ என்னும் பெரும் பிரிவில் அடங்கினர். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டங்களின் ஊர்களில் பரவி வாழ்ந்த அக்குடும்பங்கள் பெரும்பாலும் வேளாண் குடும்பங்கள். அன்றைய நில அளவைப்படி இரு மாவட்டங்களில், வட ஆர்க்காட்டிலும் தென் ஆர்க்காட்டிலும், சிதறிக் கிடந்தனர். நிலமுடைய நயினார் வீட்டுக்கு வாக்கு இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எத்தனை பேருக்கு? கூட்டுக் குடும்பச் சொத்தாயின் குடும்பமே ஓர் அலகு என்றும், குடும்பத்தை நடத்தும் தலைவரே வாக்காளர் என்றும் விதி கூறியது. அண்ணன் தம்பியர் நால்வர் ஒன்றாக இருந்தால் மூத்தவருக்கு மட்டும் ஒரு வாக்கு. பாகம் பிரிந்தால் நால்வருக்கும் கிடைக்கலாம்; பங்கு ஒவ்வொன்றும் பத்து ரூபாய் மதிப்புக்குக் கீழே இறங்கினால் நால்வருக்கும் இல்லாமலும் போகலாம். குடிமகன் ஒருவனின் உரிமை அவனது பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பொறுத்திருந்தது என்பதை இன்றைய தலைமுறை எளிதில் நம்பாது.

பெண்கள் நிலை இன்னும் நுட்பமானது. 1921இல் சென்னைச் சட்டமன்றம், பெண் என்ற காரணத்தால் மட்டும் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்று தீர்மானித்தது. மாகாணங்களுள் இதில் முந்திக்கொண்டது சென்னையே. 1926இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, பின்னர் அதன் துணைத் தலைவரும் ஆனார். கதவு திறந்தது உண்மை. ஆனால் வாயிற்படியில் அதே பத்து ரூபாய் நிலம் நின்றது. பட்டா கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கையில், நோன்பும் தானமும் நடத்தி இல்லறத்தைத் தாங்கிய சிராவகிக்கு அந்தத் தீர்மானத்தால் கிடைத்தது மதிப்பு; வாக்கு அன்று.

1928இல் இரண்டு குரல்கள் இந்த வரம்பை நேரடியாக எதிர்த்தன. மோதிலால் நேரு தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை, வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்கு என்றது. சைமன் குழுவின் முன் அம்பேத்கரும் அதையே கோரினார். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வாக்கு எதற்கு என்று அன்று கேட்டவர் பலர். அவருள் நல்லவரும் கற்றவரும் இருந்தனர். அக்கேள்விக்கு ஏழ்மையில் வாடுபவனுக்கே சட்டத்தின் காப்பு மிகுதியும் தேவை என்பது விடை. காப்பைத் தருபவரைத் தேர்வதில் அவனுக்குப் பங்கில்லை என்றால், அக்காப்பு பிறர் இடும் பிச்சையாகிவிடும்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பைத் தளர்த்தியது, நீக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் வாக்காளர் தொகை ஏறத்தாழ மூன்று கோடியாக உயர்ந்தது. கல்வி ஒரு தகுதியாகச் சேர்ந்தது. வாக்காளர் பெருகியதன் விளைவு 1937ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே தெரிந்தது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பொப்பிலி அரசர், தம் பெயரைத் தாங்கிய பொப்பிலித் தொகுதியிலேயே தொழிற்சங்கத் தலைவர் வி. வி. கிரியிடம் தோற்றார். அரண்மனையும் ஜமீனும் பின்னால் நிற்க ஒருவர். தொழிலாளரோடு உழைத்த வழக்கறிஞர் மற்றொருவர். பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த கிரியின் வாழ்வில் அது முதற்பெரும் வெற்றி; மாகாணத்தின் வாழ்விலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

இதில் ஒரு முரண் அடங்கியிருக்கிறது. அரசியல் நிர்ணய சபையின் மாகாண உறுப்பினர்கள் 1946இல் மாகாணச் சட்டமன்றங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அச்சட்டமன்றங்களோ வரம்புக்குட்பட்ட வாக்கால் அமைந்தவை. நிலமும் வரியும் படிப்பும் உள்ளவர்களின் வாக்கால் வந்த அவையே, அத்தகுதிகள் எவையும் வேண்டியதில்லை என்று எழுதியது. அந்த அவையில் 1948 நவம்பரில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய விவாதம் எழுந்தபோது, டி. பிரகாசம் உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டினார். அவர் சுட்டியது குடத்தையும் ஓலையையும். அந்த அவை அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பில் ஏற்றுக்கொண்டதோ உத்தரமேரூர் அறியாத ஒன்று: 21 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவர்க்கும் வாக்கு. அந்த வயது 1989இல் 18 ஆயிற்று.

சட்டம் எழுதுவது ஒன்று. பட்டியல் எழுதுவது வேறொன்று. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முன்னின்று நடத்திய முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. வாக்காளர் 17 கோடியே 32 லட்சம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆகவே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினர். தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டை இடுவதே வாக்காளர் வேலை. வடமாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தனர். அவ்வாறு பதிந்த பெயர்களை ஏற்பதில்லை என்று ஆணையம் உறுதியாக நின்றதால் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீங்கியது. கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலில் அப்பெண்கள் தத்தம் பெயரோடு வந்தனர். தமிழ்ச் சமணர் ஊர்களில் 1952 சனவரியில் வரிசையில் நின்ற மூதாட்டியர், பட்டாவில் பெயர் இல்லாமலே, பாகம் பிரியாமலே, நயினாருக்கு ஒன்று உழவனுக்கு ஒன்று என்னும் அதே அளவில் ஒரு சீட்டைக் கையில் பெற்றனர்.

இச்சமத்துவம் சிறுபான்மைச் சமூகங்களுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணிக்கை காட்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர் என்று பதிந்தோர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து நகரங்களில் வணிகம் செய்யும் குடும்பங்களும் இதில் அடக்கம். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களில் இது ஆயிரத்துக்கு ஒருவர் என்னும் அளவு. தமிழ்ச் சமணர் தொகை இதனுள் ஒரு பகுதியே. அதுவும் பல தொகுதிகளில் சிதறியது. இத்தகைய சமூகம் எண்ணிக்கையால் எந்தத் தொகுதியையும் வெல்லாது. மலைக்குகைக் கல்வெட்டைக் காக்க வேண்டும், பழைய பள்ளியின் நிலத்தை மீட்க வேண்டும், ஊருக்குச் சாலை வேண்டும் என்று அது சட்டமன்ற உறுப்பினரை அணுகும்போது அதன் கையில் இருப்பது, நாமும் உம்மைத் தேர்ந்தவர் என்னும் ஒரே உரிமை. வாக்கு விலைக்குப் போகும் தொகுதியில் அந்த உரிமைக்கு மதிப்பில்லை. விலை கொடுத்து வாங்கியவர் விற்றவருக்கு மேலும் கடமைப்பட்டவர் அல்லர். விற்காமல் நின்றவரின் சொல்லோ பத்தாயிரத்தில் ஒன்றாய்க் கரைந்துவிடும்.

நிலம் என்னும் தகுதி முன்வாயிலால் வெளியேறிய சில ஆண்டுகளிலேயே, செலவு என்னும் வடிவில் செல்வம் பக்கவாயிலால் திரும்பியது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்பாளர் செலவுக்கு வரம்பிட்டது. கணக்கு வைக்கவும் சொன்னது. 1957இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்கத் தன் அமைப்பு விதியைத் திருத்த அனுமதி கோரியபோது, பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா சட்டப்படி அனுமதித்தார். ஆயினும் இது வளர்ந்தால் குடியாட்சிக்கே கேடாகும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். 1969இல் நிறுவன நன்கொடை தடை செய்யப்பட்டது. 1985இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தடை இருந்த காலத்தில் பணம் நின்றுவிடவில்லை. கணக்கில் வராமல் ஓடியது என்பதே பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை.

உத்தரமேரூர்ச் சபையார் அறிந்திருந்தால் முகம் சுளித்திருக்கக்கூடிய நிகழ்ச்சி 1974இல் நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள், கன்வர்லால் குப்தா தொடுத்த வழக்கில், வேட்பாளருக்காக அவரது கட்சி செய்த செலவும் அவர் செலவாகவே கருதப்படும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அல்லாவிடில் வரம்பு என்பதற்கே பொருளிராது, பணம் படைத்தவரின் குரலே மேலோங்கும் என்பது நீதிபதி பகவதியின் கருத்து. அதே மாதத்திலேயே ஓர் அவசரச் சட்டம் வந்தது. கட்சியும் நண்பரும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்றது. பின்னர் அது நிலையான சட்டமாயிற்று. கணக்குக் காட்டாதவனின் மைத்துனன்வரை விலக்கி வைத்த ஊர் ஒருபுறம். வேட்பாளன் கணக்கைத் தூயதாக வைத்துக்கொண்டு செலவை நண்பன் பெயரில் எழுத இடங்கொடுத்த சட்டம் மறுபுறம். வாக்கை அகலமாக்கிய காலம் கணக்கைக் குறுக்கிக்கொண்டது. கணக்கை இறுக்கிய காலம் வாக்கைக் குறுக்கியிருந்தது. தமிழ்நாட்டின் நீண்ட வரலாற்றில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த காலம் ஒன்று இன்னும் வரவில்லை.

2017இல் நிறுவன நன்கொடைக்கு இருந்த மேல்வரம்பு நீக்கப்பட்டது. 2018இல் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு 2024 பிப்ரவரி 15ஆம் நாள், இது வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானது என்று கூறித் திட்டத்தை நீக்கியது. வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் தொடங்கிவைத்த நெறியின் தொடர்ச்சியாகவே இத்தீர்ப்பைக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டின் பெயர் இவ்வரலாற்றில் பெருமையோடு மட்டும் இடம்பெறவில்லை. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளில், வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டதைக் காரணமாகக் காட்டித் தேர்தல் அறிவிக்கையே விலக்கிக்கொள்ளப்பட்டது. 2017இல் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலுக்கும் அதுவே நேர்ந்தது. 2019இல், பழைய வட ஆர்க்காட்டின் தலைநகராகிய வேலூரில், மக்களவைத் தேர்தலே அவ்வாறு நின்றுபோய் ஆகஸ்டில் மறுபடி நடந்தது. குடவோலையின் மண்ணில் நடந்தவை இவை.

சமண இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. தமக்கு இவ்வளவு போதும் என்று ஒருவர் தாமே அளவு வகுத்துக்கொள்வது அதன் செயல்முறை. களவு செய்யாமைக்கு நேரும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக, அரசு வகுத்த நெறிக்கு மாறாகப் பொருள் தேடுதலையும் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. செலவு வரம்பு என்பது புதிதாக இறக்குமதியான எண்ணம் என்று கருதுவோர்க்கு இது நினைவுபடுத்தத்தக்கது. விரதத்தில் அளவை வகுப்பவரும் காப்பவரும் ஒருவரே. தேர்தலிலோ அளவை ஆணையம் வகுக்கிறது. காக்கப்படுகிறதா என்று பார்க்கும் வேலை பிறரிடம் இருக்கிறது.

2022 சனவரி முதல் தமிழ்நாட்டில் அந்த அளவு மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய். முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் வேட்பாளர் ஒவ்வொருவரும், தோற்றவர் உட்பட, மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றி ஒப்படைக்காதவரை ஆணையம் மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கலாம். ஒப்படைக்கப்பட்ட கணக்கை யாரும் பார்க்கலாம். அதற்குத் தேர்தல் நடத்தை விதிகள் வகுத்துள்ள கட்டணம் ஒரு ரூபாய். பார்க்க வருபவருக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்பதில்லை. அவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்றுகூட விதி சொல்லவில்லை.